தொண்ணூற்றாறு படிகள்

நான் சுரங்க ரயில் நிலையத்தில் மின் பிரிவுப் பொறியாளர். எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறுங்கள், மின்சாரமும் மிஞ்சும் உடம்பும் தேறும் என்று பயணிகளை நம்பவைக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெறும் வாசகம் போதாது, ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தாள்.

மனைவியின் அலுவலகம் நிலையத்துக்கு நேர் மேலே. திங்கள்தோறும் காலையில் நான் படியின் உச்சியில் கடிகாரத்தோடு நிற்பேன். அவள் தொண்ணூற்றாறு படிகளையும் ஏறி வருவாள். பழகப் பழக நேரம் குறையும், அந்த எண்களைச் சுவரில் ஒட்டலாம் என்பது திட்டம்.

"எல்லாரும் ஊருக்குத்தான் உபதேசம் பண்ணுவாங்க. நீ வீட்டையும் விட மாட்டியா?" என்பாள்.

முதல் வாரம் இரண்டு நிமிடம். ஐந்தாம் வாரம் இரண்டே முக்கால். ஒன்பதாம் வாரம் மூன்றரை. நேரம் குறித்த தாளைப் பார்த்த சக ஊழியர், "உன் வண்டிக்கு எண்ணெய் போடுப்பா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த திங்களன்று அவள் மேலே வந்ததும் கிண்டலாக வரவேற்றேன்.

"வா வா, நத்தை மகாராணி."

"கரண்ட்டை மிச்சம் பிடிச்சு என் மூச்சைச் செலவு பண்ற நீ. நெசமாவே நெஞ்சை அடைக்குதுப்பா."

"உக்காந்தே வேலை பாத்தா அப்படித்தான். ஏற ஏறச் சரியாயிடும்."

பன்னிரண்டாம் திங்களன்று மதியம், அலுவலக நாற்காலியிலேயே போய்விட்டாள். வயது இருபத்தெட்டு. இதய வால்வு சுருங்கியிருந்ததாம். முன்பே மூச்சு வாங்கியதா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன்.

அவளுடைய அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அத்தை விடவில்லை. ஆறு வாரமாகத் தினமும் தொலைபேசியில் அதே கேள்வி. "ஒரு வார்த்தைகூடவா சொல்லல, மாப்பிள்ளை?"

இன்று மகளின் மேசையில் இருந்த பொருட்களை வாங்கிப்போக வந்தார். ரயிலிலிருந்து இறங்கியதும் எஸ்கலேட்டர் பக்கம் அழைத்தேன். அவர் படியருகே நின்றுவிட்டார்.

"இதுலதான ஏறுவா? நானும் ஏறறேன்."

"வேண்டாம் அத்தை. உங்களுக்கு முட்டி வலி வேற."

"மெதுவா வரேன். மேல யாரு காத்திருக்கா, அவசரப்பட?"

பத்துப் பன்னிரண்டு படிகள்தான் ஏறியிருப்பார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சொன்னா அத்தை. நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னா. நான்தான் கேக்காம ஏறச் சொன்னேன்."

அறைவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். ஆட்கள் முணுமுணுத்தபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றார். "ரெண்டு தடவை. மாப்பிள்ளை நல்லதுக்குத்தான சொல்றார், உடம்பு கொஞ்சம் வளையட்டும்னுட்டேன். நான் மட்டும்தான் கோட்டை விட்டேனான்னு தெரியாமத்தான் தினமும் உங்களைக் கேட்டேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கடைசி நாள் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்."

"கூட யாராவது ஏறினாங்களா?"

"இல்ல அத்தை. எல்லாரும் எஸ்கலேட்டர்ல போயிட்டாங்க."

"நீங்க?"

"மேல நின்னு கடிகாரத்தைப் பாத்துட்டிருந்தேன்."