தேயாத மான்

அந்திவெயில் ரெய்னோ கங்காஸின் முதுகில் புகுந்து நெஞ்சு வழியாக வெளியே வந்ததற்கு, அவன் வீட்டுப் பின்புறத்தில் அம்பெய்து பழக நிறுத்தியிருந்த ஃபோம் மான் நன்றாக உழைத்ததுதான் காரணம். அப்படியொரு மானை வாங்கச் சொன்னவள் அவன் மனைவி ஹெல்வி. சமையலறையில் அன்று நடந்த பேச்சை அவள் பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

“மறுபடியும் மான் செத்துப்போச்சு,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான் ரெய்னோ. பின்புறம் நின்ற மலிவு மானின் வயிறு பிய்ந்துபோய், அம்பு அதற்குள் நிற்காமல் பக்கத்து வீட்டு யால்மரின் உருளைக்கிழங்குப் பாத்தியில் போய் விழுந்துகொண்டிருந்தது.

“போன வருஷமும் செத்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் செத்துச்சு. காட்டு மானைவிட நம்ம வீட்டு மான்தான் அதிகமா சாகுது.”

“என்னை என்ன பண்ணச் சொல்ற? பழகாம காட்டுக்குப் போக முடியுமா?”

“போகாதன்னு யார் சொன்னா? உழைக்கிற மாதிரி ஒண்ணு வாங்குன்னுதான் சொல்றேன். நாம ரெண்டு பேரும் போன பின்னாடியும் அது நிக்கணும்.”

“அவ்ளோ நாளா?”

“ஆமா. அவ்ளோ நாள்.”

சொல்லிவிட்டு அவள் பேஸ்டி என்ற இறைச்சி அப்பத்துக்கு டர்னிப் கிழங்கு நறுக்கத் திரும்பிவிட்டாள். அதைவிடச் சாதாரணமாக ஒரு பேச்சு இருக்க முடியாது.

ஆல்டர் ரிவர் என்ற அந்தச் சிற்றூரில் இருப்பவர்கள் பெரும்பாலும் பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஒரு தடவை வாங்கிய பொருளை மறுபடி வாங்க நேர்ந்தால் அதைத் தங்கள் தோல்வியாக நினைக்கும் மனிதர்கள். அப்பாவின் கோடாலி, மாமனாரின் காபிப் பானை, யாருடையதென்றே தெரியாத கம்பளிக் காலுறை எல்லாம் அங்கே புழக்கத்தில் இருந்தன. அதனால் வேட்டைச் சாமான் விற்கும் லவேர்னின் கடையில் ரெய்னோ மான் தேர்ந்தெடுக்க ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. தூண்டில்களையும் உப்புக்கட்டிகளையும் ரப்பர் பூட்ஸுகளையும் தாண்டி, பின்சுவரோரம் மான்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தட்டிப் பார்த்தான், இன்னொன்றின் விலாவில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தான். ஃபோம் மெத்தென்று இருந்தால் அம்பைச் சுலபமாக உருவலாம், ஆனால் ஒரே கோடையில் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். கெட்டியாக இருந்தால் நாள்பட நிற்கும், ஆனால் ஒவ்வொரு அம்பையும் பிடுங்க விலாவில் முழங்காலை ஊன்ற வேண்டும். வேட்டைக்குரிய அகல முனை அம்புகளைத் தாங்குமா, வெயிலில் சாயம் போய்ப் பன்றி மாதிரி ஆகிவிடுமா, பனியில் விரிசல் விடுமா என்றெல்லாம் கேட்டான்.

“இதுல நடுப்பாகத்த மட்டும் கழட்டி மாத்திக்கலாம், கண்ணு,” என்றாள் லவேர்ன். “தலையும் காலும் அப்படியே இருக்கும், நெஞ்சு மட்டும் புதுசு. ஊர்ல எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க.”

“அந்த நெஞ்ச எப்பெப்ப மாத்தணும்?”

“உன்ன மாதிரி ஆளுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு.”

“மாத்தவே வேண்டாத மான் இல்லையா?”

லவேர்ன் கடைக்கோடியைக் கைகாட்டினாள். “மூலையில ஒண்ணு நிக்குது. எப்ப வந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அதுக்கு உதிரிப்பாகம் கிடையாது. தேஞ்சிருச்சுன்னு எங்கிட்ட தூக்கிட்டு வராத.”

“தேயுமா?”

“தேயாதுன்னுதான் அதுல எழுதியிருக்கு.”

எழுதியிருந்தது உண்மையாகவே இருந்தது. முதல் நாள் மாலை ரெய்னோ எய்த அம்புகள் எல்லாம் மானின் முன்னங்காலுக்குப் பின்னே, உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்தில் போய்த் தைத்தன. மறுநாள் காலை காபிக் கோப்பையோடு போய்ப் பார்த்தபோது துளை ஒன்றுகூட இல்லை. இரவோடு இரவாக எல்லாம் தூர்ந்திருந்தன. அந்த ஊரில் ஒரு விதி உண்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள் எல்லா அம்பையும் போட முடியாதவன் காட்டுக்குப் போகக்கூடாது. அரைகுறையாய் அடிபட்ட மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாவதைப் போன்ற அவமானம் ஒரு வீட்டுக்குக் கிடையாது. ரெய்னோ கோடை முழுக்க எய்தான். அவன் தட்டு, குழம்புக் கிண்ணமாகி, பிறகு காபிக் கோப்பையின் வாயாகச் சுருங்கியது. மான் வாங்கிய நாளில் இருந்த பளபளப்போடு நின்றது. ஹெல்விக்குப் பெருமையாக இருந்தது. நல்ல பொருள் வாங்கச் சொன்னோம் என்று தேவாலயத்தில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தாள்.

மானுக்கு விழாத துளை எங்கே போகிறது என்பது ஒரு சனிக்கிழமை, நீராவிக் குளியல் அறையான சவுனாவில் தெரிந்தது. மேல்பலகையில் ரெய்னோ உட்கார்ந்திருந்தான். ஹெல்வி பிர்ச் இலைக் கொத்தால் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓர் இலை உள்ளே போய் அந்தப்பக்கம் அவன் மடியில் விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை. ரத்தம் இல்லை, வலி இல்லை, ஓரமெல்லாம் நன்கு இழைத்த பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. அவள் அடுப்புக் கற்களில் தண்ணீரை ஊற்றினாள். நீராவி அதன் வழியே மெல்லிய நூலாகப் போயிற்று.

“வலிக்குதா?”

“இல்ல. கொஞ்சம் சில்லுனு இருக்கு.”

அடுத்த வருடம் அது முட்டை அளவானது, அதற்கடுத்த வருடம் ஆப்பிள் அளவு. நகரத்து டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயம் நல்லபடியாக ஒதுங்கிக்கொண்டிருக்கிறது, ரத்த அழுத்தம் இளைஞனுக்கு இருப்பது போல் இருக்கிறது, கதவும் ஜன்னலும் நேருக்கு நேர் திறந்திருக்கும் இடத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஹெல்வி அவன் சட்டைகளுக்குள் கம்பளித் துண்டு வைத்துத் தைத்தாள். தேவாலயத்தில் பின்வரிசைக்காரர்கள் பாதிரியாரைப் பார்க்க ரெய்னோவுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தார்கள். மதுக்கடையில் யால்மர், “கொஞ்சம் வலது பக்கம் நகருடா, டிவியில ஆட்டம் நடக்கிறப்ப உன் எலும்பு மறைக்குது,” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், ரெய்னோவும் சிரிப்பான். ஹெல்விக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒவ்வோர் இரவும் அவன் தூங்கிய பிறகு அந்த வட்டத்தின் ஓரத்தை விரலால் தடவி அளந்து பார்ப்பாள். வட்டம் தோளையும் இடுப்பையும் தொட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் யால்மர் பீர் குடித்த தைரியத்தில் ரெய்னோவின் வில்லைப் பிடுங்கி மானின் மேல் ஓர் அம்பு விட்டான். மறுநாள் அவன் காதுமடலில் கடுகளவு துளை இருந்தது. அன்றைக்கு ரெய்னோவின் ஓட்டை அந்த ஓர் அம்புக்கு உரிய அளவு வளராமல் நின்றதை ஹெல்வியின் விரல் கண்டுபிடித்தது. எய்கிறவன் கணக்கில்தான் அது ஏறுகிறது. யால்மருக்கு நஷ்டமில்லை, அதில் அவன் ஒரு தூண்டில் முள்ளை மாட்டிக்கொண்டு அழகாக இருக்கிறது என்றான். ஆனால் அதற்குப் பிறகு ரெய்னோ தன் வில்லை யாரும் தொட விடவில்லை.

மானை அப்புறப்படுத்தலாம் என்று நான்கு பேர் டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவந்தார்கள். சங்கிலி அறுந்தது. வேறு இலக்கு வைத்துப் பழகலாம் என்று வைக்கோல் கட்டு ஒன்றை வேலியின் மறுகோடியில் ரெய்னோ நிறுத்தினான். அம்பு பாதிவழியில் வளைந்து, பட்டி தெரிந்த மாடு மாதிரி மானிடமே போய்ச் சேர்ந்தது. அப்புறம் எய்வதையே நிறுத்திப் பார்த்தான். அந்தக் கோடை முழுக்க வில் சுவரில் தொங்கியது. சாயங்காலமானால் அம்புகள் தாமாகவே போய் மானில் தைத்துக்கொண்டன. அவற்றைப் பெரிய ஏரியில் வீசி எறிந்துவிட்டு வந்தான். மறுநாள் ஈரம் சொட்டச் சொட்ட மானின் விலாவில் நின்றன. ஓட்டை எப்போதும்போல வளர்ந்தது, ரெய்னோவுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் போனதுதான் மிச்சம். சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டில் உடையாதவற்றையெல்லாம் பழுது பார்த்தான். ஊர் ஆண்கள் வேட்டைக்காலத்தில் தங்கும் காட்டுக் குடிசைக்கு அந்த வருடம் அவன் போகவில்லை. ஆண்கள் வீடு தேடி வந்து துக்க வீட்டில் பேசுவது மாதிரி வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் அவன் வில்லை இறக்கினான். “எப்படியும் போகப்போகுது. என் கையாலயே போகட்டும்,” என்றான்.

சொல்ல வேண்டியது ஒன்று ஹெல்வியிடம் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல ஆல்டர் ரிவரில் காலம் கிடையாது. பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியதிலிருந்து பனி தரையைப் பிடிக்கும்வரை வேட்டைக்காரனிடம் பெண்கள் எதையும் கேட்கக்கூடாது. உப்பை எடு என்றுகூடக் கேட்க மாட்டார்கள், தாமே எழுந்து எடுத்துக்கொள்வார்கள். கேட்ட வார்த்தை அம்பின் மேல் உட்கார்ந்து அதைத் தடுமாற வைத்துவிடும் என்பது நம்பிக்கை. குளிர்காலத்தில் ஆண்கள் களைத்திருப்பார்கள், கோடையில் பழகிக்கொண்டிருப்பார்கள். ஆகவே அங்கே ஒரு பெண் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்துவிடுவது அபூர்வமில்லை. ஹெல்வியுடையது அவள் கல்யாணமாகி வந்த முதல் கோடையிலேயே பிறந்தது. துணி காயப்போடும் கொடியருகே நின்று, புதுக்கணவன் நாணைக் கன்னம்வரை இழுத்து மூச்சை அடக்கி நிற்பதைப் பார்த்தபோது, அந்த அமைதிக்குள் தானும் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. பிறகு பிள்ளைகள் வந்தார்கள், வளர்ந்து வேலை தேடித் தெற்கே போனார்கள், ஆசை மட்டும் கொடியருகிலேயே நின்றது. யால்மரின் காதில் துளை விழுந்த பிறகு அந்தப் பழைய ஆசைக்குள் ஒரு புதிய கணக்கும் புகுந்துகொண்டது. வட்டம் தட்டு அளவானபோதும், ரெய்னோவின் நெஞ்சு வழியே ஒரு சிட்டு பறந்துபோய் அவன் திரும்பிக்கூடப் பார்க்காதபோதும், வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்து, பிர்ச் இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போயிற்று.

இந்த அக்டோபரில் ரெய்னோவின் இடது தோளும் வலது தோளும் ஒரு விரல் அகலச் சதையால்தான் இணைந்திருந்தன. சாயங்காலம் ஹெல்வி பாத்திரம் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் வில்லைத் தூக்கினான். அவன் ஊடாகப் புல்வெளி தெரிந்தது, மான் தெரிந்தது, பளபளவென்று, நேற்றுக் கடையிலிருந்து வந்தது மாதிரி. நாண் பாதிவரை வந்து நின்றது. வில்லை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினான். மறுபடி பாதியில் நின்றது. அவன் காலடியில் அன்றைக்கு எய்ய வேண்டிய அம்புகள் காத்திருந்தன. அவன் எய்யாவிட்டால் அவை தாமே கிளம்பும், கணக்கு அவன் பேரில்தான் ஏறும்.

ஹெல்வி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொடியைத் தாண்டினாள், எய்கிறவன் நிற்கும் இடத்தைக் காட்டப் பதித்திருந்த கல்வரையும் நடந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை. ரெய்னோ அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

“ஹெல்வி, பிர்ச்செல்லாம் மஞ்சளாயிடுச்சு.”

“எனக்குக் கண்ணு தெரியும்.”

“அப்ப ஒண்ணும் கேக்காத. உள்ள போ.”

“கேக்கத்தான் வந்தேன்.”

“நிறுத்துன்னு மட்டும் சொல்லாத. நான் நிறுத்தினாலும் அது நிறுத்தாது. நீயும்தான் பாத்தியே.”

“நிறுத்தச் சொல்லல.” அவள் குனிந்து ஓர் அம்பை எடுத்தாள். அது அவள் நினைத்ததைவிட இலேசாக இருந்தது. “இந்த வீட்டுக்கு வந்த முதல் கோடையிலேயே கேட்டிருக்கணும். அப்ப வெக்கமா இருந்துச்சு, அப்புறம் பயமா இருந்துச்சு.”

“என்ன கேக்கப்போற?”

“எனக்கு வில்லு பிடிக்கக் கத்துக்குடு, ரெய்னோ. இனிமே பாதி அம்பு என்னோடது.”