டிக்கியில் ஏழு பை வத்தல்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. என் சிநேகிதி ஷிபானா வீட்டுக் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் விளக்கிலிருந்து எடுத்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு படம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் அது எரியும். காற்று சரியாக இருந்தும் எரிந்தது.

என்னைப் பற்றி: பேர் அழகுமீனா, ஊர் நாரணாபுரம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டியின் பின்பக்கம் 'கையில் வைத்துக் கொளுத்தாதீர்', 'அருகில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருக்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதில் பிழை திருத்துவது நான்தான். இத்தனை வருஷத்தில் அதை வாசித்தேன் என்று சொன்ன ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. (நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? பொய் சொல்லக் கூடாது.) அப்படிப்பட்ட எனக்கு, ஓர் எச்சரிக்கையை இம்புட்டு மதிக்கிற மனுஷர் கிடைத்தால் விடுவேனா?

2

ஆரம்பம் மட்டும் மூன்று எழுதினேன்.

விருதுநகரில் அன்றைக்கு வெயில்... (வேண்டாம். என்றைக்குத்தான் இல்லை?)

ஷிபானா அழுதாள். (அழவில்லை. திட்டினாள். அதை அச்சில் போட முடியாது.)

மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு என்பது யாதெனில்... (மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியது. மன்னிக்கவும்.)

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஷிபானா மருந்தாளுநர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காலையில் எட்டு மணிக்கு மருந்துக் கவுண்டரைத் திறக்க வேண்டும். அதற்குத் தோதான பஸ் இல்லை. பட்டாசுக் கம்பெனி வேன்களில் அவர்கள் ஆட்களுக்கே இடம் பத்தாது. கார் கிடைத்தால் போகலாம், லைசென்சும் வைத்திருக்கிறாள். அவளுடைய அத்தா அப்துல் ஹலீம் விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். மகள் ஒன்று கேட்டு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால் இப்படிச் சொன்னார்:

"அந்த லைட்டு அணையட்டும்மா. அன்னைக்கே சாவி ஒன் கைல."

3

ஊருக்குள் ஓட்ட மட்டும் சாவியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் காற்று பிடித்தாள். நாலிலும் முப்பத்துமூன்று. விளக்கு அசையவில்லை. திங்கட்கிழமை சர்வீஸ் சென்டர்க்காரர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ஒரு சக்கரத்தில் எட்டுதான் இருக்கிறது என்றார். கேஜ் வைத்து அளந்தால் நாலும் முப்பத்துமூன்று. அப்படியென்றால் சென்சார் பொய் சொல்லுது, புதுசு வர இருபது நாள் ஆகும் என்றார். வியாழக்கிழமை சாத்தூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் மணிகண்டராஜ் நாலு சக்கரத்தையும் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அன்றைக்கு ஹலீம் அத்தாவும் கூடப் போயிருந்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, நல்லாப் பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க என்று மட்டும் சொன்னாராம்.

[இடைக்குறிப்பு: மூன்று இடத்திலும் ஸ்டெப்னியைப் பார்ப்போம் என்று டிக்கியைத் திறந்தார்கள். மூன்று இடத்திலும் உடனே சாத்தினார்கள். உள்ளே பை பையாக வத்தல், எல்லாம் சாம்பிள். மண்டிக்காரர் காரில் அது இல்லாமல் இருக்குமா? சர்வீஸ் சென்டர்க்காரர் ஒன்பது தும்மல் தும்மினார் என்று ஷிபானா சொல்கிறாள். மணிகண்டராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தரையில் ஓடாத சக்கரத்துக்கு எதுக்கு லைட்டு எரியப் போகுது என்று முடித்துக்கொண்டார்.]

4

இந்த இடத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை. காரணம் ஹலீம் அத்தா. அவரைப் பாவப்பட்ட ஒரு பயந்தாங்கொள்ளித் தகப்பனாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் வத்தல் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மூட்டையின் வாயைப் பிரித்ததும், மேலாகக் கிடப்பதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். முழங்கை மறையக் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவார். விதை சலசலக்காவிட்டால் ஈரம் என்று மூட்டையைத் தள்ளி வைத்துவிடுவார். அடியைப் பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷர்.

அப்படிப்பட்டவர் தன் சொந்த டிக்கியில் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலா

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் வீட்டில் எத்தனை வருஷம் நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன்.)

5

சனிக்கிழமை நானே விருதுநகருக்குக் கிளம்பிப் போனேன். ஹலீம் அத்தா வெளியே போயிருந்த நேரம், மண்டி வாசலில் காரை நிறுத்தி, துப்பட்டாவை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, நானும் ஷிபானாவும் ஒவ்வொரு பையாக இறக்கினோம். ஆறு பை இறங்கியது. ஏழாவது பைக்குக் கீழே ஒரு சக்கரம் மல்லாந்து கிடந்தது. அதன் நடுக்குழியில் அந்தப் பை பாந்தமாக உட்கார்ந்திருந்தது. டயரை அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

மண்டிக் கணக்குப்பிள்ளை ராக்கப்பனுக்குப் போன் போட்டோம். "ஆமாம்மா, ரெண்டு வாரத்துக்கு முன்ன கோவில்பட்டி போகயில பஞ்சர். ஸ்டெப்னிய மாட்டிட்டு இதை உள்ள போட்டேன். சொல்ல மறந்தே போச்சு" என்றார். மூடியை மாட்டிவிட்டால் அஞ்சு சக்கரத்துக்கும் ஒரே மூஞ்சி, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது, சென்சார் இருந்தது இந்தச் சக்கரத்தில். எனக்குக் காற்று இல்லை, எனக்குக் காற்று இல்லை என்று டிக்கிக்குள் கிடந்து அது ரெண்டு வாரமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதைப் போய்ப் பொய் சொல்லுது என்றார்களே, பாவம்.

ஷிபானா குதித்தாள். குதித்துக்கொண்டே தும்மினாள். அந்த நேரத்தில்தான் ஏழாவது பையின் வாயில் கட்டியிருந்த சீட்டை நான் பார்த்தேன். சரக்கு எந்த ஊர், என்றைக்கு வந்தது என்று ஒவ்வொரு பையிலும் எழுதிக் கட்டுவது மண்டி வழக்கம். இதில் ஹலீம் அத்தாவின் கையெழுத்தில் புதன்கிழமைத் தேதி. மூன்று நாளுக்கு முன்னால் வந்த பை, ரெண்டு வாரமாகக் கிடக்கிற சக்கரத்தின் குழிக்குள் தானாகப் போய் உட்காருமா? யாரோ எல்லாப் பையையும் இறக்கி, சக்கரத்தைப் பார்த்து, அதன்மேல் இதை வைத்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த நாள்தான் மணிகண்டராஜ் நாலு சக்கரத்தையும் வேலைமெனக்கெட்டுக் கழற்றினார்.

சீட்டை அவிழ்த்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை அதன் இடத்தில் மாட்டியதும், கொஞ்ச தூரம் ஓட்டியதில் விளக்கு அணைந்துவிட்டது. ஹலீம் அத்தா சொன்னபடி சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

6

முடிவுகள்.

அ) அத்தாவுக்கு ஒன்றும் தெரியாது, சீட்டில் தேதி தப்பு. (தேதி பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான். இதை நம்ப முடியாது.)

ஆ) ஷிபானாவிடம் சீட்டைக் காட்டுகிறேன். அந்த வீட்டில் ஒரு மாசம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

இ) சீட்டை அடுப்பில் போடுகிறேன். கூடவே இந்தக் கதையையும்... (இம்புட்டு எழுதின பிறகா?)

மூன்றும் பிடிக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அஞ்சாம் பகுதி வரைக்கும் அச்செடுத்து, என் சிவப்புப் பேனாவோடு ஹலீம் அத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாததை அடிச்சிருங்க அத்தா, அஞ்சாம் பகுதி மொத்தத்தையும் அடிச்சாலும் சரிதான், ஷிபானாவுக்கு அதுக்கப்புறம்தான் தருவேன் என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நான் எதை எழுதினாலும் முதலில் வாசிப்பது அவள்தான், அது அவருக்கும் தெரியும்.

ரெண்டு நாள் வைத்திருந்தார். நேற்று மண்டிக்குப் போனேன். தாள்களை நீட்டிவிட்டு, என் மூஞ்சியைப் பார்க்காமல் ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டார். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. அஞ்சாம் பகுதியின் ஓரத்தில் மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார்:

"பை அடுக்கினது புதன்தான். சக்கரத்தைப் பாத்தது செவ்வாய். அந்த ரோட்டுல எம்புள்ள தனியாப் போறத நெனச்சா பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பிழை திருத்திக்க மீனா."

வாசித்ததும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வத்தல் நெடி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7

ஷிபானா வேலைக்குச் சேர்ந்து இன்றோடு எட்டாவது நாள். சாயங்காலம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வருகிற வழியில் அச்சக வாசலில் நிறுத்துவாள். இந்தத் தாள்களை அவள் பக்கத்துச் சீட்டில் வைப்பேன். 'வண்டி ஓட்டும்போது வாசிக்கக் கூடாது' என்று முதல் பக்கத்தில் பெரிசாக எழுதியிருக்கிறேன். எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்கள், இருந்தாலும் எழுதியிருக்கிறேன்.

வாசகர்களே, உங்களிடம் முடிவைக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது உங்களுக்கு இல்லை.

ஏ ஷிபானா, கீழ அரைப் பக்கம் காலியா விட்டிருக்கேன். வீட்டுக்குப் போய் நீயே எழுதிக்க. அத்தாகிட்ட கேட்டு வாங்கித்தான் எழுதணும். என் சிவப்புப் பேனாவ அவர் இன்னும் திருப்பித் தரல.