பார்த்தாச்சு

அந்தச் சனிக்கிழமை காலை மேவிஸ் ஹார்க்கர் சமையலறை மேடையில் இஞ்சிக் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசற்கதவருகே அவளுடைய கணவர் க்ளைவ் கையில் ஒரு அட்டையுடன் நின்றார். எழுபத்தேழு வயதிலும் முதுகு வளையாத மனிதர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

“அடுப்பு?”

“பார்த்தாச்சு.”

“பின்கதவு?”

“பார்த்தாச்சு.”

“சாவி?”

“பார்த்தாச்சு.”

“ஸ்ப்ரே?”

“பார்த்தாச்சு.”

“கேக்?”

“அது அட்டையில கிடையாதே!”

“இன்னைக்குச் சேர்த்துட்டேன். போன வாரம் நீ மறந்ததுக்கு நெவில் சாயங்காலம் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தான்.”

மேவிஸ் சிரித்தாள். தாளின் ஓரத்தை மடித்து அழுத்திப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனார். கார் சந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அதற்குள் அவள் ரேடியோவைப் போட்டுவிட்டாள்.

அட்டையின் கதை இது. க்ளைவ் முப்பத்தோரு வருடம் விமானம் ஓட்டியவர். அதில் பதினான்கு வருடம் ட்ரைடென்ட். வாலருகே மூன்று எஞ்சின்களோடு இங்கிலாந்தில் செய்த ஜெட். அதில் மூன்று விமானிகள் உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் பட்டியலைப் படிப்பார், முன்னால் இருப்பவர் பதில் சொல்வார். படிக்கிறவர் பார்க்கக் கூடாது, பார்க்கிறவர் படிக்கக் கூடாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஓய்வு பெற்றதும் க்ளைவ் அதே வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளியே கிளம்பும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் தட்டச்சு செய்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, வாசல் ஆணியில் மாட்டினார்.

“நான் உனக்குப் பொண்டாட்டியா, துணை விமானியா?” என்று மேவிஸ் முதல் நாள் கேட்டாள்.

“பொண்டாட்டிக்கு ஓய்வு வயசு கிடையாது. அதனால நீதான் தோது.”

நாளடைவில் அவளுக்கும் அது பழகிவிட்டது. கேள்வி வந்ததும் பதில் வரும். அவளே யோசித்துப் பார்த்ததில், தவறு அங்கேதான் புகுந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு பார்வை இருந்தது. எந்த வருடத்தில் அது உதிர்ந்துபோனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஸ்ப்ரே என்பது க்ளைவின் நெஞ்சுவலி மருந்து. சிவப்பு மூடி போட்ட சின்னக் குப்பி. வலி வந்தால் நாக்குக்கடியில் அடித்துக்கொள்ள வேண்டும். அது அவருடைய நீல ஜாக்கெட்டின் உள்பையிலேயே இருக்கும். அவர் “ஸ்ப்ரே” என்றதும் மேவிஸ் ஜாக்கெட்டின் மேலாகக் கை வைத்து, அந்தக் கெட்டியான சிறு உருளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளுடைய இரண்டு கைகளும் அலுமினியத் தாளில் இருந்தன. நீல ஜாக்கெட்டின் ஜிப் மாட்டிக்கொண்டது என்று அவர் பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். அதைக்கூட அவள் பார்க்கவில்லை. கேக்கைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் க்ளைவ் போனது ஸ்கெல்டன் மூர் பழைய விமானத் திடலுக்கு. அங்கே காட்சிக்கு நின்ற ட்ரைடென்டைக் கொண்டுவந்து இறக்கியவரே அவர்தான். அதற்கு அதுவே கடைசிப் பறப்பு. குட்டை ஓடுபாதை, குறுக்குக் காற்று, பயணிகள் யாரும் இல்லை. இறக்கி நிறுத்திவிட்டு மூன்று எஞ்சின்களையும் ஒவ்வொன்றாக அணைத்த பிறகு, இருக்கையை விட்டு எழ அவருக்குக் கால் மணி நேரம் ஆனதாம். அதன்பின் ஒரு சிறு குழு சேர்ந்தது. எலி, ஈரம், துரு மூன்றோடும் சனிக்கிழமைதோறும் சண்டை போட்டது. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து விமானியறைக்கு உயிரூட்டுவார்கள். விளக்குகள் எரியும், கருவிகளுக்குள் ஏதோ சுழன்று மெல்ல ரீங்கரிக்கும். நெவில் ஆக்ராய்ட் பின்னால் உட்கார்ந்து பட்டியல் படிப்பார், க்ளைவ் இடது இருக்கையிலிருந்து பதில் சொல்வார். நெவில் அந்தக் காலத்தில் அதே விமானங்களைப் பழுது பார்த்தவர். யார்க்‌ஷயர்க்காரர், நாக்கு கொஞ்சம் நீளம்.

“இது ஏன் ஏறுதுன்னு நெனைக்கிறீங்க?” என்று பார்வையாளர்களிடம் கேட்பார் நெவில். “எஞ்சின் தூக்கிறதாலயா? இல்லவே இல்ல. இது நேராத்தான் ஓடும். பூமி உருண்டையா இருக்கிறதால தரைதான் அதுவா கீழ போயிடும்.”

“இவன் பூட்டின எஞ்சின், வேற எப்படி இருக்கும்?” என்பார் க்ளைவ்.

பார்வையாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூக்குச் சக்கரம் ஏன் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது? பனிமூட்டத்தில் தானாகவே இறங்குவதற்கான கருவிப் பெட்டிகளுக்கு இடம் வேண்டியிருந்தது, அதனால் சக்கரத்தை ஒதுக்கினார்கள் என்பது உண்மையான பதில். க்ளைவ் அதைச் சொல்லமாட்டார். “மத்த விமானமெல்லாம் ஓடுபாதை நடுவுல இருக்கிற விளக்கு மேல தடக்குத் தடக்குன்னு போகும். நாங்க நாசூக்கானவங்க, ஒதுங்கிப் போவோம்” என்பார்.

பனிமூட்டத்தில் இறங்கியதை மேவிஸும் அறிவாள். கல்யாணத்துக்கு முந்தைய டிசம்பர் அது. அவள் அதே விமானத்தில் பணிப்பெண், க்ளைவ் துணை விமானி. லண்டன் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மற்ற விமானங்களெல்லாம் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின. இவர்களுடையது மட்டும் இறங்கியது. தரையைத் தொட்டதே தெரியவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர், “இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்று கேட்டபோது விமானம் ஓடுபாதையில் உருண்டுகொண்டிருந்தது.

படியிறங்கும்போது அவள் க்ளைவைக் கிண்டல் செய்தாள். “மெஷினே இறக்கிடுச்சாமே! நீங்க மூணு பேரும் உள்ள சீட்டாடிட்டு இருந்தீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். வியர்வையில் நனைந்திருந்தன. “தரையில நிக்கிற வரைக்கும் கை கன்ட்ரோல்லேர்ந்து ஒரு அங்குல தூரத்துலதான் இருந்துது” என்றார். அன்றைக்குத்தான் அவரைக் கட்டிக்கொள்வது என்று மேவிஸ் முடிவு செய்தாள்.

கேக்கோடு கிளம்பிப் போன அந்த அக்டோபர் சனிக்கிழமை, பட்டியலின் நடுவில், இடது இருக்கையிலேயே க்ளைவுக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது நினைவு தப்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மேவிஸ் வீட்டுக்குத் திரும்பியபோது நீல ஜாக்கெட் வாசலருகே ஆணியில் தொங்கியது. அதன்மேல் கை வைத்தாள். சிறு உருளை இருந்தது.

மாரடைப்பு பெரியது, ஸ்ப்ரே இருந்திருந்தாலும் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். நல்ல பெண், அவசரப்படாமல் உட்கார்ந்து சொன்னாள். மேவிஸ் நம்பினாள். ஆனால் அவளை அரித்தது அது இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீரும் சாண்ட்விச்சுமாக நின்றபோது நெவில் பேசினார். “எங்க கேப்டன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் ஒரு அயிட்டத்தை மறந்தாரு. பாருங்க, அது எந்த அயிட்டம்னு!” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள். எதையும் மறக்காத க்ளைவ் ஹார்க்கர் மறந்துவிட்டார். அந்த இடத்தில் மேவிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோப்பையைத் தட்டில் வைத்தாள், எடுத்தாள். சொல்லவில்லை.

சொல்லாமல் ஆறு மாதம் போயிற்று. அந்த வாக்கியம் ஊரில் நடமாடத் தொடங்கியது. தபால்காரர் சொன்னார். தேவாலயத்தில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, “அவரே மறந்தாருன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்” என்றாள். மேவிஸ் தலையாட்டினாள். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் அவருடைய முப்பத்தோரு வருடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவள் எடுத்துக்கொடுப்பது போலிருந்தது.

ஏப்ரலில் திடலை மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். நெவில் போன் செய்தார். “மிசஸ் ஹார்க்கர், வந்து சீட்டைத் தொடச்சுக் கொடுங்க. எங்க ஆளுங்க தொடச்சா அழுக்கு இடம் மாறுதே தவிர போகமாட்டேங்குது.”

அவள் போனாள். நான்காவது வரிசையில் மடிப்புப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, விமானியறையில் நெவில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கதை சொல்வது கேட்டது. “இந்தச் சீட்லதான் எங்க கேப்டன்... வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான்...”

மேவிஸ் துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

கூட்டம் இறங்கிப்போனதும் நெவில் எட்டிப்பார்த்தார். “அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள கரண்ட் குடுத்துப் பாத்துடலாம். குளிருக்கப்புறம் முதல் தடவை. பதில் சொல்ல ஆள் இல்ல. உக்கார்றீங்களா?”

அவள் இடது இருக்கையைப் பார்த்தாள். வலது இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நெவில் பின்னால் அமர்ந்து அட்டையை எடுத்தார்.

“பேட்டரி ஸ்விட்ச்? தலைக்கு மேல, இடது ஓரம்.”

மேவிஸ் கையை நீட்டி அதைத் தொட்டாள். எழுத்தைப் படித்தாள். கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

“என்னம்மா, கிடைக்கலையா?”

“நெவில், அவர் மறக்கல.”

மேவிஸ் திரும்பாமலே தொடர்ந்தாள்.

“அவர் கேட்டார். ஸ்ப்ரேன்னு கேட்டார். நான்தான் பார்க்காம பார்த்தாச்சுன்னு சொன்னேன். கேக்கைச் சுத்திக்கிட்டே சொன்னேன். அவர் என்னை நம்பிக் கிளம்பிப் போனார். நீங்க எல்லார்கிட்டயும் அவர் மறந்தாருன்னு சொல்றீங்க. நானும் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

நெவில் அட்டையை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

அவள் திரும்பினாள்.

“கோட்டுப் பையில கை விட்டாரு. இல்ல. இன்னொரு பை. இல்ல. நான் போனை எடுத்தேன். ‘இரு, இங்கதான் இருக்கு, மேவிஸ் பார்த்துட்டா’ன்னாரு. திரும்பத் திரும்ப அதே பையில கை விட்டாரு. அவர் பேச்சை மீறி நான் போன் பண்றதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போயிருக்கும். ‘மேவிஸ் பார்த்துட்டா’ங்கிறதுதான் அவர் சொன்ன கடைசி வார்த்தை. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் அவர் மறந்ததா ஆக்கிட்டேன். அவருக்கு வலிக்காதுன்னு நெனைச்சேன். போனவருக்கு என்ன வலி?”

வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மேவிஸ் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். க்ளைவின் அந்தக் கைகள் அவளுக்குத் தெரியும். ஒரு அங்குல தூரத்திலேயே நிற்கும் கைகள். இயந்திரத்தைக்கூட முழுதாக நம்பாதவர், அவளுடைய சொல்லை மட்டும் நம்பி, வெறும் பையில் மறுபடி மறுபடி கை விட்டிருக்கிறார்.

“அவருக்கு வலிக்கும்” என்றாள் கடைசியில். “அட்டை விஷயத்துல அவருக்கு வலிக்கும். இனிமே அப்படிச் சொல்லாதீங்க.”

“பின்ன என்ன சொல்றது? கேக்கிறாங்களே.”

“நடந்ததைச் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன்.”

நெவில் மூக்கை உறிஞ்சினார். “அப்ப என் பொழப்புல ஒரு நல்ல கதை போச்சு” என்றார். அட்டையை மறுபடி நிமிர்த்தினார். “பேட்டரி ஸ்விட்ச்?”

மேவிஸ் அதைத் தொட்டாள், பார்த்தாள். “போட்டாச்சு.”

அடுத்ததையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அதற்கடுத்ததையும். பதினெட்டு வரிகளுக்கு இருபது நிமிடம் ஆனது. நெவில் அவசரப்படுத்தவில்லை. கருவிகள் ரீங்கரிக்கத் தொடங்கின. இடது இருக்கையின் எதிரே இருந்த சிறு விளக்குகளும் எரிந்தன.

அடுத்த கூட்டம் படியேறி வந்தது. இடது இருக்கையைக் காட்டி, இங்கேதான் அந்த கேப்டன் இறந்தாரா, ஏதோ மறந்துவிட்டாராமே என்று சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள். நெவில் கூரையைப் பார்த்தார்.

“அவர் எதையும் மறக்கல” என்றாள் மேவிஸ். “நான் அவரோட மனைவி. மருந்து இருக்கான்னு அவர் கேட்டார். நான் பார்க்காமலே இருக்குன்னு சொல்லிட்டேன்.”

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள். மேவிஸ் எழுந்து, அவர்கள் போவதற்கு வழி விட்டு நின்றாள்.

கீழே இறங்கியபின் அதே பெண், வேறு எதையாவது பேச வேண்டுமென்றோ என்னவோ, விமானத்தின் மூக்குக்கடியில் குனிந்து பார்த்தாள். “இது ஏங்க நடுவுல இல்ல?”

நெவில் வாயைத் திறந்தார், மேவிஸைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“பார்த்துட்டுச் சொல்றேன்” என்று மேவிஸும் குனிந்தாள். டயரின்மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்காலத்து ஈரம் இன்னும் காயவில்லை. மூக்குச் சக்கரம் நடுக்கோட்டிலிருந்து இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்றது.