நான்கு பத்து சரக்கு வண்டி

எங்கள் ஊர் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடி நடைகூடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தினமும் மாலை நான்கு பத்துக்கு ஒரு சரக்கு ரயில் போகிறது. கிழக்குச் சுவருக்குள் நுழைந்து மேற்குச் சுவர் வழியாக வெளியேறும். நாற்பத்திரண்டு பெட்டிகள், பெரும்பாலும் நிலக்கரி. சுவரில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

ஸ்தோயங்கா வந்த பிறகுதான் இது. விதின் ரயில் பாதையில் முப்பத்தொரு வருடம், சக்கரம் சுற்றிக் கம்பு இறக்கும் கேட் கீப்பராக இருந்தவள். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையில் சேர்ந்தும்விட்டது. ஆனால் நான்கு மாதமாக எழுந்து நிற்கவில்லை. மறதி நோய் முற்றி, பெற்ற மகள் வெனெதாவையே யாரென்று கேட்டாள். பிசியோதெரபி செய்ய வரும் கலோயன், "வலது காலைத் தூக்குங்கம்மா" என்பான்.

"யாரோட காலப்பா?" என்பாள். சொன்னதும் காலைத் தேட ஆரம்பிப்பாள். தேடத் தேட உடம்பு கட்டையாகிவிடும். மாதக் கடைசிக்குள் ஆறு எட்டு எடுத்து வைக்காவிட்டால் மேல்மாடிக்கு மாற்றிவிடுவதாக இல்லத் தலைவி சொல்லிவிட்டார். அங்கே போனவர்கள் யாரும் எழுந்து திரும்பியதில்லை.

ஒருநாள் தூரத்தில் எங்கோ ரயில் ஊதியது. ஸ்தோயங்காவின் வலது கை மடியில் வட்டம் சுற்றியது, குதிகால்கள் தரையில் அழுந்தின. கலோயன் அதைப் பார்த்துவிட்டான். அவள் தொலைத்ததைக் கை பத்திரமாக வைத்திருந்தது. மறுநாள் சுவரில் கைப்பிடி வைத்த இரும்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்தி, சுற்றினால் இரண்டு சிவப்பு வெள்ளைக் கம்புகள் இறங்கும்படி கயிறு கட்டினான். எதுவும் சொல்லாமல் ஒரு ஊதலை ஊதினான். அவள் எழுந்து சுற்றினாள். அதன்பின் அவள் நாற்காலியைச் சக்கரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தான். ஒன்பதாம் நாள், அவன் ஊதுவதற்கு முன்பே கிழக்குச் சுவர் ஊதியது. நடைகூடத்தில் நின்ற சூப் வண்டி ரயிலில் அடிபட்டுத் தட்டையாகிவிட்டது.

"அந்தச் சக்கரத்தக் கழட்டி எறி!" என்றார் தலைவி.

"கழட்டிடலாம் மேடம். ரயில யாரு கழட்டுறது?"

மாதத்தின் கடைசி வியாழனன்று சக்கரம் ஆறு எட்டுத் தள்ளியிருந்தது. நான்கு பத்துக்கு ஊதல் கேட்டது. ஸ்தோயங்கா அசையவில்லை. கண்ணாடி ஜன்னல்கள் நடுங்கின. எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்த கலோயன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சொன்னால் தேட ஆரம்பித்துவிடுவாள். இரண்டாம் ஊதலுக்கு எழுந்தாள். ஒரு எட்டு. இரண்டு. அந்த நேரம் பார்த்து நடைகூடத்தின் மறுகோடியில், தலைநகர் சோஃபியாவிலிருந்து பனிட்சா பலகாரப் பொட்டலத்தோடு வந்த வெனெதா, அம்மா தனியாக நடப்பதைக் கண்டு, விழுந்துவிடுவாளே என்று ஓடி வந்தாள். கலோயன் கத்தியது ரயில் சக்கரங்களின் சத்தத்தில் அமுங்கியது. நான்கு. ஐந்து. எஞ்சின் விளக்கு சுவரில் மஞ்சளாகப் பரவியது. ஆறாம் எட்டில் ஸ்தோயங்கா கைப்பிடியைப் பிடித்து வேகமாகச் சுற்ற, கம்பு வெனெதாவின் நெஞ்சுக்கு நேரே இறங்கியது.

"ஏய், பின்னால போடி! கண்ணு தெரியல? வீட்ல உனக்கு அம்மா இல்லியா?"

நாற்பத்திரண்டு பெட்டிகளும் போய் முடியும்வரை வெனெதா கம்பைப் பிடித்தபடி நின்றாள். "இருக்காங்க" என்றாள். அது யார் காதிலும் விழவில்லை.

ஸ்தோயங்கா மேல்மாடிக்குப் போகவில்லை. சூப் இப்போது நான்கரைக்குக் கொடுக்கிறார்கள். மகளின் பெயர் அவளுக்குத் திரும்பி வரவே இல்லை. வெனெதா வியாழன்தோறும் நான்கு மணிக்கே வந்து, கம்பு இறங்கும் இடத்துக்கு ஓரடி முன்னால் நின்றுகொள்கிறாள், திட்டு வாங்குவதற்காக.