பூட்டிய வெளிச்சம்

மகளின் வலது கட்டைவிரலை வெல்டர் ஈரத்துணியால் துடைத்து, லேப்டாப்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். திறக்கவில்லை. விரலை ஊதிச் சூடேற்றி மறுபடி அழுத்தினார். பாஸ்வேர்டைக் கேட்டது.

"அவ்வளவுதாங்கய்யா, இனிமே விரலை எடுத்துக்காது," என்றாள் மகளோடு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த பெண். "பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

முந்தாநாள் தலைவலி என்று படுத்தவளை இப்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். பதினோரு மணிக்கு வண்டி. இந்தப் பெண் எட்டு மணிக்கே வந்துவிட்டாள். துக்கம் கேட்கவா, பொருளை எடுக்கவா என்று வெல்டருக்குப் பிடிபடவில்லை. லேப்டாப்பை அவர் தன் மடியை விட்டு இறக்கவில்லை.

"உள்ள அப்படி என்னதாம்மா இருக்கு?"

"ஒரு கேலக்ஸிங்கய்யா. கோடிக்கணக்கான நட்சத்திரம், நடுவுல ஒரு கருந்துளை. அதைச் சுத்திப் பயங்கர வெளிச்சம்."

"துளைன்னா இருட்டுதானே?"

"துளை இருட்டுதான். விழப்போறதெல்லாம் சுத்திச் சுத்தி உரசிக் கொதிக்கும். அந்த வெளிச்சம்."

"கிரைண்டர்ல இரும்பு தேயிற மாதிரின்னு சொல்லு."

"நாப்பது வருஷம் தீப்பொறியில கிடந்த மனுஷன், எங்க மச்சானுக்கே பாடமா," என்றார் மைத்துனர். யாரும் சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷம் அதை மட்டும்தான் பாத்தா," என்றாள் அந்தப் பெண். " இப்ப அது அணைஞ்சிட்டு வருது. ஏன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு போன வாரம் சொன்னா. எங்க யாருக்கும் காட்டல. ஒரு காப்பிகூட வெளிய வெக்கல. இப்படிப் பூட்டச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தாங்களோ."

வெல்டர் தலையைத் தூக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், தன் ஆராய்ச்சியை இன்னொருவன் அவன் பெயரில் போட்டுக்கொண்டான் என்று மகள் போனில் அழுதாள். அவர்தான் சொன்னார்: "எவனையும் நம்பாத. உன்னைத் தவிர யாரும் திறக்க முடியாத மாதிரி பூட்டி வை." மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் மகளின் தலைமாட்டில் இருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது. லேப்டாப்பை மூடி அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போம்மா."

"திறக்காதுங்கய்யா," என்றாள். வாங்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. வெல்டர் லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோய், மகளைத் தூக்க அவள் தோளருகே குனிந்தார்.

"நீ பிடிடா தம்பி," என்றாள் மனைவி தன் தம்பியிடம்.

மைத்துனர் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

வெல்டர் போய், கதவு இடிக்காமல் திறந்து பிடித்துக்கொண்டார்.