இரண்டு பதினான்கு

குட்டி நகல்களை வைத்து எடிட் செய்த படத்துக்குள், கேமராவில் எடுத்த ஒரிஜினல்களைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. ஆனால் அன்று காலையிலிருந்து கம்ப்யூட்டர் அக்காவிடம் முரண்டு பிடித்தது. நேரக் குறியீடு பொருந்தவில்லை என்று எல்லாக் கிளிப்பையும் சிவப்பாகவே காட்டியது. மாலையில் வெல்டர்கள் சங்கக் கூடத்தில் படத்தைப் போட்டாக வேண்டும். அப்பாவின் நாற்பது வருட வெல்டிங் பட்டறையைப் பற்றிய பத்து நிமிடப் படம்.

"நேரத்தை விட்டுடுக்கா. பேர் மட்டும் பொருந்தினா போதும்னு டிக் பண்ணு," என்றான் தம்பி.

படம் பிடித்தவன் அவன்தான். நாலு வயதில் பட்டறையில் தெறித்த இரும்புத் துணுக்கு அவனுடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. "கேமராவுக்கு ஒத்தக் கண்ணு போதும்" என்று அதையும் கேலியாக்கிவிடுவான். அக்காவுக்கு அந்த ஜோக்குக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் வந்தது ஏழு வயதில் அவள்தான், அதனால்தான் அவன் உள்ளே போனான் என்பது வீடறிந்த விஷயம். போட்ட ஞாபகம் அவளுக்கு இருந்தது. நீ போடவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் ஏழு வயது என்ன வாதாடும்? யாரும் திட்டவும் இல்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

டிக் செய்தாள். சிவப்பெல்லாம் பச்சையானது. தம்பி கை தட்டினான். படத்தை ஓட்டிப் பார்த்தார்கள்.

ஆறாவது நிமிடத்தில் அப்பா அந்த விபத்தைச் சொல்லும் இடம். "சின்னப் புள்ள, தாழ்ப்பாளை மறந்துட்டா" என்பார். மறைக்கக் கூடாது என்று அதை வெட்டாமல் வைத்தவளே அக்காதான்.

இப்போது அங்கே வேறு கோணத்தில் ஒரு காட்சி வந்து நின்றது. மூலையில் வைத்திருந்த இரண்டாவது கேமரா எடுத்தது. அதிலும் கிளிப்களுக்குப் பேராக எண்கள் ஒன்றிலிருந்தே தொடங்கியிருந்தன; அப்பாவின் பேட்டி முதல் கேமராவில் பதினான்கு, இதிலும் ஒரு பதினான்கு இருந்தது. பேட்டி முடிந்ததும் தம்பி அதை நிறுத்த மறந்து வெளியே போயிருக்கிறான். அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கேமரா முன்னாடியும் அதே பொய்யைச் சொல்லிட்டேன். அன்னைக்குத் தாழ்ப்பாள் போடாம போனது நான்தான்."

"தெரியும்," என்றாள் அம்மா. "இப்ப எதுக்கு அதைக் கிளறுறீங்க? அவ பழகிட்டா."

அக்கா படத்தை நிறுத்தினாள். அப்பா சொன்ன பொய்யைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மாவுமா? தம்பியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும், நீயும் வந்து பாரு என்று இவளையும் இழுத்துக்கொண்டு போன அம்மா! பழகிட்டாளாம்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா..." என்றான். என்ன செய்வதென்று தெரியாமல் மௌஸை எடுத்தான். "முதல் கேமரா ஃபோல்டரைக் காட்டினா பழையபடி ஆயிடும்."

"தொடாதே."

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"படம் ரெடியா பாப்பா?" அப்பாவின் குரலில் அவ்வளவு ஆசை.

"ரெடிப்பா. ஒரு இடத்துல மட்டும் ஒரே பேர்ல ரெண்டு கிளிப் இருக்கு. தாழ்ப்பாள் விஷயம் பேசுற இடம். ஒண்ணு எங்ககிட்ட சொன்னது, இன்னொண்ணு அம்மாகிட்ட சொன்னது. எதை வைக்கட்டும்?"

பின்னால் அம்மா, "என்னவாம்?" என்று கேட்பது கேட்டது.

"பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் அப்பா, போனை வைக்காமலே.