லண்டனில் ஒரு ரியூட்டறி

நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கள் சொந்தக்காரரில் இன்னும் யாராவது அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். ஒருத்தி வந்தது போதும்.

விஷயம் தொடங்கியது ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயிலின் 2018 ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாவில். நாங்கள் ஹனோவரில் இருந்து போயிருந்தோம். அப்பாவின் அக்கா கமலநாயகி மாமி லண்டனில் இருந்து வந்திருந்தார். கால்வாய்க் கரையில் நின்று மோதகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டார்: அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான அபிட்டூர் முடிந்ததும் நான் இங்கிலாந்தில் படிக்க ஆசைப்படுகிறேன், பிரெக்ஸிற் வந்து கதவைச் சாத்துவதற்கு முதல் போய்விட வேண்டும் என்று.

மாமி வாயில் இருந்த மோதகத்தை விழுங்கக்கூட இல்லை.

"பிறகென்ன யோசனை? யதுசா எங்கட வீட்டில நிண்டு படிக்கட்டும். பொக்ஸ் றூம் சும்மாதானே கிடக்குது. துஷானியும் லண்டன் கம்பஸுக்குத்தான் போடப்போறாள். ரெண்டும் ஒண்டாப் போய் ஒண்டா வரட்டும்."

"அக்கா சொன்னால் சரி," என்றார் அப்பா. அப்பா தன் அக்காவுக்கு இல்லை என்று சொன்னதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அந்த பொக்ஸ் றூமை எனக்குத் தெரியும். முந்தைய கோடை விடுமுறையில் இரண்டு கிழமை அதற்குள் கிடந்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கட்டிலுக்குக் கீழே இரண்டு அரிசி மூட்டை. கதவைத் தட்டிவிட்டுத் திறப்பது என்ற வழக்கம் அந்த வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வாசல் மணியில் ஒரு கமரா. பால் வாங்க வெளிக்கிட்டால், மாமி வேலையிடத்தில் இருந்தபடியே தொலைபேசி எடுப்பார்: "தலையைக் கட்டிக்கொண்டு போ பிள்ளை." இரண்டாவது கமரா மாமியின் மகள் துஷானி. என் வயதுதான், ஆனால் தாயின் சேலைத் தலைப்பை விட்டு நகரமாட்டாள். மாமி எதைக் கேட்டாலும் "ஓம் அம்மா" என்பாள். என்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பாளோ தெரியாது. அவளை எனக்குப் பிடிக்காது.

ஹனோவரில் எங்கள் வீடும் கிட்டத்தட்ட அப்படித்தான், கமரா மட்டும் இல்லை. நான் இங்கிலாந்து போக விரும்பியதே, ஒரு மூன்று வருடமாவது என்னை ஒருவரும் பார்க்காத இடத்தில் இருந்து பார்ப்போமே என்றுதான். மொழியியல் படிக்கும் ஆசையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது இரண்டாவது.

ஆகவே இலையுதிர்காலம் முழுவதும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் கையேடுகளைத் தபாலில் வரவழைத்து ஆராய்ந்தேன். எல்லாக் கையேட்டிலும் அட்டையில் ஒரே படம்: ஒரு மரத்துக்குக் கீழே மூன்று பேர் சிரிக்கிறார்கள், மழை பெய்யவில்லை. படத்தால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் வேறு அளவுகோல் எடுத்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் மிகக் கிட்டிய சொந்தக்காரர் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறார் என்று எழுதினேன். தரவரிசையில் முதலாவதாக வந்தது வடக்கே ஒரு பல்கலைக்கழகம். நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, வகுப்பு, நூலகம், கடை, தங்கும் அறை எல்லாம் ஒரே வளவுக்குள். நடுவில் ஒரு குளம், அதில் வாத்து. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு உள்ளேயே அறை நிச்சயம். கிட்டிய சொந்தக்காரர் இருநூற்றுப் பத்துக் கிலோமீற்றர், அவருக்கும் கண்பார்வை குறைவு.

இனி அப்பாவை அக்காவின் சொல்லில் இருந்து கழற்ற வேண்டும். அதற்கு எனக்கு உதவியது ஒரே ஒரு சொல்.

எங்கள் ஆட்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது எழுதுகிற சொல். வாயில் வருவது கம்பஸ். கம்பஸ் எடுபட்டவன், கம்பஸ் படித்தவள், கம்பஸ் மாப்பிள்ளை. இங்கிலாந்துக்காரருக்கோ கம்பஸ் என்றால் வளவு, கட்டடங்கள் சேர்ந்து நிற்கும் நிலம். வளவுக்குள் இருக்கும் பல்கலைக்கழகமும் அங்கே உண்டு, வளவில்லாமல் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதும் உண்டு. படிப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து, "ஐஞ்சு இடத்துக்கு விண்ணப்பம் போடலாமெண்டால் ஐஞ்சையும் லண்டன்ல போடு" என்றபோது, நான் மிகவும் பணிவாகச் சொன்னேன்:

"போடலாம் அப்பா. ஆனால் துஷானி போடுற யூனிவர்சிட்டிக்குக் கம்பஸ் இல்லை."

நான் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்துக்காரரின் ஓர் உண்மையைத் தமிழில் சொன்னேன், அவ்வளவுதான்.

"கம்பஸ் இல்லாமல் என்னெண்டு யூனிவர்சிட்டி?"

"கட்டடங்கள் இருக்குது அப்பா. அங்கொண்டு, இங்கொண்டு."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியை இழுத்தார். நித்தியானந்தன் என்ற என் அப்பா ஹனோவரில் ட்ராம் ஓட்டுகிறவர். வரைபடம் பார்த்தால் அவருக்குத் தெருக்கள் தெரியாது, தரிப்பிடங்கள்தான் தெரியும். முதலாவது கட்டடத்தில் இருந்து இரண்டாவதுக்கு நாலு தரிப்பு என்றார். அங்கிருந்து நூலகத்துக்கு ஆறு தரிப்பு, நடுவில் ஒரு மாற்றம். விரிவுரை மண்டபத்துக்குக் கீழே கோழிப் பொரியல் கடை.

"பிள்ளை, இது ரியூட்டறியெல்லோ," என்றார்.

யாழ்ப்பாணத்தில் அவர் மூன்று புள்ளியால் கம்பஸைத் தவறவிட்டவர். இரண்டாம் தரம் எடுப்பதற்காக, காசுக்கு ரியூஷன் கொடுக்கும் ஒரு ரியூட்டறியில், ஓலைக் கொட்டிலுக்குள், நூறு பேரோடு வாங்கில் நெருக்கிக்கொண்டு படித்தார். பரீட்சைக்கு முதல் ஜேர்மனிக்கு வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. ரியூட்டறி என்ற சொல்லை அவர் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் வாத்துக் குளத்தின் படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் கனநேரம் பார்த்தார்.

"இதுக்குள்ளயே நித்திரையும் கொள்ளலாமோ?"

"ஓம் அப்பா."

"வெளிய போகத் தேவையில்லையோ?"

"தேவையில்லை."

"இதுதான் கம்பஸ்," என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே பொக்ஸ் றூமை நினைத்துக்கொண்டேன், வெட்கம் போய்விட்டது.

அம்மா வேறொரு வழியால் வந்தார். என் அம்மா சந்திரகாந்தி எதையும் கடைசிப் பக்கத்தில் இருந்து வாசிப்பவர். கையேட்டின் பின்பக்கத்தில் RAG என்று பெரிதாகப் போட்டிருந்ததைக் கண்டு நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"பாருங்கோ அப்பா, றாகிங் செய்யிறதைப் புத்தகத்திலயே அடிச்சு வச்சிருக்கிறாங்கள்! அதுவும் ஒரு கிழமையாம்!"

இலங்கைக் கம்பஸ்களில் புதுப் பிள்ளைகளை மூத்தவர்கள் படுத்தும் பாடு அம்மாவுக்குத் தெரியும். இது தர்மத்துக்குக் காசு சேர்க்கும் கிழமை, கேக் விற்பார்கள், வேடம் போட்டு ஓடுவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.

"கேக் வித்தோ றாக் பண்ணுறவை?" என்றார் அம்மா, பாதி நம்பி. "அப்பிடியெண்டால் வெள்ளைக்காரர் எங்கட ஆக்களை விடப் பரவாயில்லை."

டிசம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, யது லண்டனுக்குப் போடேல்லை. அவள் கம்பஸுக்குத்தான் போறாளாம்."

"லண்டன்ல இருக்கிறது பின்னை என்ன, மாட்டுக் கொட்டிலோ?"

"அது கம்பஸ் இல்லை அக்கா. நான் வடிவாப் பாத்தனான். ரியூட்டறி மாதிரித்தான். கீழ கோழிக் கடையும் இருக்குது."

எதிர்ப்பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்பா இல்லை என்று சொன்ன முதல் நாள் அது.

"உனக்கென்ன விசரே தம்பி? இரு, என்ர பிள்ளையையே கேக்கிறன். துஷானி! இஞ்ச வா!"

என் கை சோப்புத் தண்ணீருக்குள் அப்படியே நின்றது. துஷானி அங்கே பிறந்து வளர்ந்தவள். கம்பஸ் என்றால் வளவு, வளவு இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகம்தான் என்று அவள் ஒரு வசனம் சொன்னால் போதும், நான் அரிசி மூட்டைக்கு மேலே படுக்க வேண்டியதுதான். மாமி தொலைபேசியை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாமி திரும்பி வந்து, "நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மாமியே எடுத்தார்.

"துஷானியும் அங்கதான் போடுறாள். என்ர பிள்ளை மட்டும் ரியூட்டறியில படிக்கிறதோ? ரெண்டும் ஒரே இடத்தில நிண்டால் நல்லந்தானே. ஆளை ஆள் பாத்துக்கொள்ளட்டும்."

பார்த்துக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. மாமி சொன்னது எந்த வகை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு தட்டு உடைந்தது. கமரா வடக்கே போகிறதென்றால் நான் பேசாமல் லண்டனுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அப்பா அதற்குள் தன்னுடைய ட்ராம் டிப்போ முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். ஒரு துருக்கிக்காரச் சாரதி என்னைக் கண்டு, "கம்பஸ், கம்பஸ்" என்று கை தட்டினார். இனி மாற்ற ஏலாது.

செப்டெம்பரில் இரண்டு குடும்பமும் அங்கே போய் இறங்கியது. பல்கலைக்கழகம் எங்கள் இருவரையும் ஒரே விடுதியில், ஒரே மாடியில், அடுத்தடுத்த அறையில் போட்டிருந்தது. சொந்தக்காரப் பிள்ளைகள் என்று மாமி எழுதிக் கேட்டாராம். பொதுக் குளிர்பெட்டியின் மூன்று தட்டை மாமி மீன் குழம்பால் நிரப்பினார். அப்பா குளத்தை மூன்று தரம் சுற்றிவந்து, ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார். போகும்போது மாமி துஷானியின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்ததால் நான் மறுபக்கம் பார்த்தேன். அம்மா என் காதில் சொன்னதும் அதேதான்: "அவளிலயும் ஒரு கண் வச்சிரு பிள்ளை."

அவர்கள் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் துஷானி. தட்டிவிட்டு நின்றதே எனக்கு ஆச்சரியம்.

"உள்ள வரலாமோ?" என்றாள். வந்து கட்டில் நுனியில் இருந்தாள். "உன்னட்ட ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அம்மா கேட்டவ, லண்டன்ல இருக்கிறது மெய்யாவே கம்பஸ் இல்லையோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் அம்மா, இல்லை எண்டன்." முதல் தடவையாக அவள் சிரித்துப் பார்த்தேன். "கோழிக் கடை நாலு மணிக்கே மணக்கத் தொடங்கும் எண்டும் சொன்னன். கம்பஸ் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதே? நீ மாமாவைப் பேய்க்காட்டுறாய் எண்டு உடன விளங்கீற்றுது. எனக்கும் அந்த வீட்டால வெளிய வர வேற வழி இருக்கேல்லை, மச்சாள். நீ ரெண்டு கிழமை நிண்டனீ. நான் பதினெட்டு வருசம்."

எங்கள் குடும்பத்தில் கெட்டிக்காரி நான் ஒருத்திதான் என்று அன்று வரை நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் எனக்கு ஒரு மெசேஜ் போடேல்லை? இவ்வளவு நாளும் நான் உன்னைத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"பயம். நீ சொல்லிப்போடுவாய். போன முறை நீ வந்து நிக்கேக்க, லைப்ரரிக்கு வெளியால நான் ஒரு பெடியனோட கதைச்சதை அம்மாட்டச் சொன்னது நீதானே. அதுக்குப் பிறகு ஆறு மாசம் என்ர ஃபோன் அம்மாட்டதான் இருந்தது."

நான் மறுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. சாப்பாட்டு மேசையில் மாமி, "துஷானி எங்க நிண்டவள்?" என்று கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "லைப்ரரி வாசல்ல ஒரு பெடியனோட நிண்டவள்" என்று சொன்னேன். கேட்டார், சொன்னேன். அடுத்த நிமிடமே மறந்துவிட்டேன். அந்த வீட்டில் இரண்டாவது கமரா இருந்தது உண்மைதான். அது நானாக இருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது, தமிழிலும் வரவில்லை, ஜேர்மனிலும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. அம்மா. விமான நிலையத்தில் இருந்து.

"சாப்பிட்டனியோ பிள்ளை? துஷானி என்ன செய்யிறாள்?"

துஷானி என்னைப் பார்த்தாள். கீழே கூடத்தில் புதுப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் தொடங்கிவிட்டது. அவள் போட்டிருந்த சட்டையை மாமி தன் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார். நகத்தில் பச்சைப் பூச்சு இன்னும் காயவில்லை, பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கிறாள் அம்மா," என்றேன்.